தொட்டிலில் முப்பத்தெட்டு போன்கள்

மேல் டிவிஷன்,
டிக்கோயா.
ஜூன் 12, வியாழன்

அன்பு மகன் ஜெரோஷனுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் கடிதத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆனதோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வாய், உன் புத்தி எனக்குத் தெரியாதா. அப்பா சுகம், தங்கச்சி சுகம், நான் சுகம், லயத்துக் கூரையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீயும் அந்த வெயிலில் மாதாவின் துணையோடு சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தினமும் செபமாலையைக் கீழே வைக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். சொல்ல வேண்டிய விஷயம் பெரியது. போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும், இந்த விஷயத்தில் பாதியை மட்டும் கேட்டால் நீ பைத்தியமாகிவிடுவாய். சும்மா நாலு சொல்லு மெசேஜ் போட்டு விடு சிசிலி என்றார் அப்பா. இருபத்துநாலாம் தேதி கூப்பிடாதே என்று மட்டும் ஒரு மெசேஜ் வந்தால் நீ என்ன செய்வாய்? அந்த நிமிஷமே கூப்பிடுவாய். அதனால்தான் ஹட்டன் பைஸர் நானாவின் மைத்துனர் அஸ்லம் ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டதும், அவர் கையில் இதையும் இரண்டு பாக்கெட் தேயிலையும் கொடுத்துவிடுகிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பிறகு பிள்ளைக்காம்பராவில் அவர்கள் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, வரவு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதுகிறேன். ஏஞ்சலாவுக்குத் தெரியாது. அண்ணனுக்கு இதைச் சொல்லவே கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன், அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி கொழும்பில் ஒரு தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கிடைத்த பிறகு சொல்லி அண்ணனை அசத்த வேண்டும் என்று எங்கள் வாயையும் கட்டிவிட்டாள். மூன்று வருஷப் படிப்பு, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள் மகன், நம் தோட்டத்து டிவிஷனிலேயே அவள் ஒருத்திதான். மிச்சம் இருந்தது நேர்முகப் பரீட்சை. நவம்பரில் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது, அதற்கு மேல் வயது எல்லை தாண்டிவிடும், ஆகவே இந்த முறை விட்டால் விட்டதுதான். அந்த நேர்முகப் பரீட்சையை நெட்டில் வைத்திருந்தார்கள். தூரத்துப் பிள்ளைகள் அலையக் கூடாது, வீட்டில் இருந்தபடியே முகத்தைக் காட்டிப் பேசட்டும் என்று நல்ல மனதோடுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொழும்புக்கு வா என்றிருந்தால் முதல் நாளே ரயிலேறிப் போய் அவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்போம். வீட்டில் இருந்தபடியே என்றதுதான் நமக்கு வினையாகிப் போனது.

வீட்டு லட்சணம் உனக்குத் தெரியும். நீ போன பிறகு ஏதாவது முன்னேறியிருக்கும் என்று நினைக்காதே. வீட்டில் சிக்னல் பிடிக்கும் ஒரே இடம் கொய்யா மரம்தான், அதில் அப்பா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை ஆணியடித்து வைத்திருக்கிறார், போன் பகல் முழுக்க அதற்குள்தான் இருக்கும், மெசேஜ் வந்தால் அணிலுக்குத்தான் முதலில் தெரியும். உன் போட்டோ ஒன்று வந்தால் முதலில் உன் தலைமயிர் தெரியும், நான் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் நெற்றி தெரியும், முழு முகத்தைப் பார்க்க மறுநாள் ஆகிவிடும். மேலே பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள் இல்லையா, அதற்குப் போன வருஷம் வேகமான நெட் கம்பி இழுத்தார்கள். நம் லயத்துக் கூரைக்கு மேலேயேதான் அந்தக் கம்பி போகிறது, துணி காயப்போடக் கையைத் தூக்கினால் கண்ணில் படுகிறது. நமக்கும் ஒரு இழுப்பு இழுத்துத் தாருங்கள் என்று ஏஞ்சலா போய்க் கேட்டாள். வீட்டு இலக்கம் என்ன, உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டார்களாம். தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவுக்கு எந்தக் காலத்தில் உறுதி இருந்தது? கடிதம்கூட இன்னமும் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டல்லவா நம் கைக்கு வருகிறது. இன்னொரு ஆள் ஒரு படத்தை எடுத்து நீட்டி, மலையகம் முழுக்க ஊதா நிறம் தீட்டியிருப்பதைக் காட்டி, “கவரேஜ் தியனவா நே நங்கி,” கவரேஜ் இருக்கிறதே தங்கச்சி என்று சிரித்தானாம். படத்தில் இருக்கிறது, சரி. கொய்யா மரத்தில் ஏன் இல்லை என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, என்னைக் கூட்டிப் போயிருந்தால் கேட்டிருப்பேன். நீ அங்கே நெருப்பு வெயிலில் நிலத்தைக் கிண்டி வீட்டுக்கு வீடு கண்ணாடிக் கம்பி புதைக்கிறாய், உன் தங்கச்சி இங்கே ஒரு மணித்தியால நெட்டுக்கு மலையேறுகிறாள். எனக்கு வருகிற எரிச்சலுக்கு அளவே இல்லை.

ஹட்டனில் பைஸர் நானா தன் கடையில் ஒரு மூலை ஒதுக்கித் தருகிறேன் என்றார், நல்ல மனுஷன். ஆனால் பரீட்சை நடக்கும்போது அந்த அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று விதியாம், அவர் கடையில் போட்டோக் கொப்பி எடுக்க வருகிறவர்களை எங்கே விரட்டுவது. ஹோட்டல்காரர் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் நெட் என்று முடித்துவிட்டார். கடைசியில் ஏழாம் நம்பர் மலை உச்சியில் கொழுந்து நிறுக்கிற மடுவம்தான் தோதுப்பட்டது. அங்கே சிக்னல் எட்டும், ஆனால் வேகம் கிடையாது. எல்லாப் போனும் ஒரே டவரைப் பிடித்து இழுத்தால் யாருக்குமே கிடைக்காது என்று ஜீவராஜ் சேர் விளக்கினார். பள்ளிக்கூடத்துக் கணக்கு சேர்தான், தன் லெப்டொப்பையும் அவர்தான் இரவல் கொடுத்தார். பத்தில் இருந்து பதினொன்று வரை நம் டிவிஷனில் எல்லோரும் போனை அணைத்து வைத்தால் ஒருவேளை தாங்கும் என்றார். அவ்வளவுதானே என்று நான் மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை பழனியாண்டி வேலை பிரித்து முடித்ததும், முன்னால் போய் நின்றுவிட்டேன். என் வாழ்நாளில் பெரட்டில் வாய் திறந்தவள் இல்லை நான். செவ்வாய்க்கிழமை ஒரு மணித்தியாலம் என் மகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.  வினோதாதான் முதலில், “நான் அமத்திடுறேன் ஆயம்மா,” என்றாள். பக்கத்துக் காம்பரா வினோதாவுக்குக் கொழும்பில் இருக்கும் அவள் புருஷன் தினமும் பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில்தான் பேசுவான், வேறு நேரம் அவனுக்குக் கிடையாது, அந்தப் பேச்சை அவள் விட்டுக்கொடுத்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் சரி என்றார்கள்.

அந்த மூன்றாம் தேதி காலையை நீ பார்த்திருக்க வேண்டும். தாய்மார் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட வரும்போதே போனையும் அணைத்து என் கையில் கொடுத்தார்கள். குழந்தை இல்லாதவர்களும் வந்து கொடுத்தார்கள், கையில் இருந்தால் நோண்டிப் பார்க்கத் தோன்றும் ஆயம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. எங்கே வைப்பது, அலமாரிக்குப் பூட்டு இல்லை. காலியாக இருந்த ஒரு தொட்டிலில் துணி விரித்து வரிசையாகப் படுக்க வைத்தேன். என்னுடையதோடு முப்பத்தெட்டு போன். ஆம்பிளைகள் அவரவர் பையிலேயே அணைத்து வைத்துக்கொண்டார்கள், உன் அப்பா பெக்டரிக்குப் போகும்போது அணைத்துவிட்டேன் அணைத்துவிட்டேன் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார். மேலே மடுவத்தில் தராசுக்குப் பின்னால் கோயில் வெள்ளை விரிப்பைக் கட்டி, கொழுந்துச் சாக்கை அடுக்கி மேசையாக்கி, ஏஞ்சலா, நான் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் போன் ஒன்றுதான் டிவிஷனிலேயே உயிரோடு இருந்தது, அதில் இருந்துதான் லெப்டொப்புக்கு நெட் போனது. நான் கீழே ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டு மறு கையால் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். முதல் இருபது நிமிஷம் தண்ணீர் மாதிரி ஓடியதாம். மூன்று பேர் கேள்வி கேட்டார்களாம், நடுவில் இருந்த அம்மா இவளுடைய பதிலைக் கேட்டு, ரொம்ப நல்லது மகள் என்று தமிழிலேயே சொன்னாராம்.

இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்துகொண்டு படி. அன்று காலையில் நம் மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை என்று நீ அங்கே எதிலோ பார்த்திருக்கிறாய். எனக்குக் கூப்பிட்டாய், அணைந்திருந்தது. அப்பாவுக்குக் கூப்பிட்டாய், அணைந்திருந்தது. வினோதாவுக்கு, பழனியாண்டிக்கு, ஒருவர் போனும் போகவில்லை. முந்தின வருஷம் மேட்டு லயத்தில் மண் இறங்கிய அன்றும் இப்படித்தான் ஒரு போனும் எடுபடாமல் நீ தவித்தாய், அதுதான் உன் மனதில் வந்திருக்கும். கடைசியில் தங்கச்சியின் நம்பர் மட்டும் மணி அடித்தது. அவள் துண்டித்தாள். நீ திரும்ப அடித்தாய். துண்டிக்கத் துண்டிக்க ஏழு தரம் அடித்திருக்கிறாய். நம் மலையில் சாதாரண போன் கோல் ஒன்று வந்தால் அந்தப் போனில் நெட் நின்றுவிடும், அது உனக்கு மறந்திருக்கும், அங்கே அப்படி இல்லையல்லவா. திரையில் அந்த மூன்று பேருடைய முகமும் வாய் திறந்தபடி நின்றுவிட்டதாம். அவள் மறுபடி உள்ளே போவதற்குள் நேரம் முடிந்து மூடிவிட்டார்கள். அன்று பதினொன்றே கால் போல நான் உன்னோடு பேசியபோது டவர் பழுது மகன், வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, அது பச்சைப் பொய். நீ குழந்தை மாதிரி விம்மிக்கொண்டிருந்தாய், அந்த நேரத்தில் உன்னிடம் எதைச் சொல்ல.

மகன், இதில் உன் பிழை ஒரு குண்டுமணி கூட இல்லை. பெற்ற வீட்டில் எவருமே போன் எடுக்காவிட்டால் எவன்தான் சும்மா இருப்பான். நீ கூப்பிடாமல் இருந்திருந்தால்தான் நான் உன்னை ஏசியிருப்பேன். பிழை என்றால் என்னுடையது, தோட்டம் முழுக்கச் சொன்னவள் அந்த ஒரு மணித்தியாலம் கூப்பிடாதே என்று மட்டுமாவது உனக்குச் சொல்ல மறந்தேன், அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. தங்கச்சி அழவில்லை. விரிப்பை மடித்துக் கோயிலில் கொடுத்துவிட்டு, என்னோடு சேர்ந்து போன்களைத் திருப்பிக் கொடுக்கப் பன்னிரண்டு மணிக்கு மடுவத்தில் நின்றாள். கொழுந்து நிறுக்க வந்த ஒவ்வொருத்தியும் நல்லா செஞ்சியா புள்ள என்று கேட்டாள், ஒவ்வொருத்திக்கும் ஆமாக்கா, நல்லா செஞ்சேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் பக்கத்தில் நின்று அதை முப்பத்தேழு தரம் கேட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் என்னிடம் சொன்னாள், அப்போதும் முதல் பேச்சாக, “அண்ணனுக்குத் தெரியக்கூடாதும்மா, அவுங்க மனசு ஒடஞ்சி போயிருவாங்க,” என்றாள். ஆனால் லயத்தில் எது மறையும், மூன்றாம் நாள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. இன்னொரு தடவைன்னா ரெண்டு மணித்தியாலம்கூட வைக்கிறோம் என்றுதான் சொன்னார்கள், வினோதா அவள் புருஷனிடம் சண்டையே போட்டிருக்கிறாள், தேத்தண்ணி நேரத்தை மாற்றச் சொல்லு என்று.

எழுந்து போய் ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு இப்போதெல்லாம் ஒரு இடத்தில் இருப்புக்கொள்வதில்லை, குசினிக்கும் கொய்யா மரத்துக்கும் நடந்தே என் செருப்பு தேய்கிறது. தங்கச்சியும் சும்மா இருக்கவில்லை. நாடு முழுக்க வேகமான நெட்டுக்கு ஒரு தேசியக் கொள்கை செய்யப்போகிறார்களாம், மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். கருத்தையும் நெட்டில்தான் அனுப்ப வேண்டுமாம், நெட் இல்லை என்று சொல்வதற்கும் நெட் வேண்டும், இந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல. இருந்தாலும் நாலு பக்கம் எழுதினாள். பெரட்டில் வாசித்துக் காட்டி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள், நானும் போட்டேன், கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. படத்தில் நிறம் தீட்டினால் போதாது, எந்த மலையில் என்ன வேகம் வருகிறது என்று ஆள் வந்து அளந்து சொல்ல வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அளவைச் சட்டமாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். உறுதி இல்லாவிட்டாலும் குடியிருக்கிறவனுக்குக் கம்பி கொடுக்க வேண்டும், தண்ணீரையும் கரண்டையும் போலத்தான் இதையும் எண்ண வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள். நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். நாங்கள் பறித்த கொழுந்தைத் தராசில் போடாமல் கூடையைப் பார்த்தே இத்தனை கிலோ என்று எழுதினால் நாங்கள் விடுவோமா, அதே மாதிரி இதையும் கொக்கியில் மாட்டி நிறுத்துக் காட்டுங்கள் என்று. அதையும் அப்படியே எழுதிவிட்டாள். மூன்று நாள் காலையில் மடுவத்துக்குக் கொண்டுபோய் அனுப்பப் பார்த்தாள், திரையில் அந்த வட்டம் சுற்றிச் சுற்றி எனக்கே தலை சுற்றியது, கடைசியில் பைஸர் நானாவின் கடையில் இருந்துதான் போனது. கொள்கை எப்போது வருமோ, நம் கூரைக்கு மேலே போகிற கம்பி கூரைக்குக் கீழே எப்போது இறங்குமோ. அதுவரைக்கும் தங்கச்சியின் வயது நிற்குமா என்பதுதான் என் கவலை.

இப்போது நல்ல செய்தி. பங்கு ஃபாதரும் ஜீவராஜ் சேரும் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள், அதை அனுப்பிய நாலாம் நாள் அந்த நடுவில் இருந்த அம்மாவே போன் செய்தார். இன்னொரு தடவை தருகிறோம், இதுதான் கடைசி, இதற்கு மேல் எங்களால் முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வருகிற இருபத்துநாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மறுபடியும் பத்து மணிக்கு. உள்ளே வருகிற கோலை மட்டும் தடுக்க ஏதோ வழி இருக்கிறதாம், அதை அமுக்கிப் பார்த்ததில் இரண்டு நாள் அவள் போனில் நெட்டே வரவில்லை, இனி அதைத் தொடமாட்டேன் என்கிறாள். ஆகவே மறுபடியும் அதே மடுவம், அதே விரிப்பு, அதே தொட்டில். மழை இன்னும் விடவில்லை, அன்றும் எச்சரிக்கை என்று ஏதாவது உன் கண்ணில் படத்தான் செய்யும், நீ பதறத்தான் செய்வாய். அதற்காகத்தான் மகன் இவ்வளவும் எழுதினேன். நமக்குப் பத்து மணி என்றால் உனக்குக் காலை ஏழரை, நமக்குப் பதினொன்று என்றால் உனக்கு எட்டரை. அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் யாரும் போன் எடுக்காவிட்டால் நாங்கள் எல்லோரும் நல்ல சுகம் என்று அர்த்தம். உனக்கு ஏதாவது அவசரம் என்றால் எட்டரைக்குப் பிறகு கூப்பிடு, முதலில் எடுக்கிறவள் நானாகத்தான் இருப்பேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. தண்ணீர் குடி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக முடியாவிட்டாலும் படுக்கும்போது ஒரு அருள் நிறைந்த மரியே சொல். இந்தக் கடிதம் பற்றித் தங்கச்சியிடம் மூச்சு விடாதே, அவள் சேதி சொல்லும்போது புதிதாகக் கேட்கிற மாதிரி கேள். அப்பா உன்னை ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னார், வேறு என்ன எழுதவென்று கேட்டால் அவ்வளவுதான் என்கிறார், ஆனால் கொய்யா மரத்தடியை விட்டு நகர்வதும் இல்லை. ஆண்டவர் உன் கால் வைக்கிற இடமெல்லாம் கூட வரட்டும், மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா சிசிலி

மறந்துவிடாதே: இருபத்துநாலாம் தேதி வேலைக்குப் போகும்போது போனைச் சட்டைப் பையில் வைக்காதே, அணைத்து உன் பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் போ, அவசரம் என்றால் எட்டரைக்குப் பிறகு கூட வேலை செய்கிறவன் போனில் கூப்பிடலாம். அன்றைக்கும் தொட்டிலில் முப்பத்தெட்டு போன் இருக்கும், உன்னுடையதையும் சேர்த்து நான் முப்பத்தொன்பது என்று எண்ணிக்கொள்வேன்.